அடித்துவிட்ட விடை

அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எப்சிலான். எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் எண்ணைக் குறிக்கக் கணிதக்காரர்கள் எழுதும் எழுத்து அது. அவள் உயரம் அப்படி. கரும்பலகையின் மேல்பாதி அவளுக்கு எட்டாது. கீழ்ப்பாதியிலேயே எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள். முன்வரிசைக்காரர்கள் தலையைத் தாழ்த்தினால்தான் பின்வரிசைக்கு ஏதாவது தெரியும். பெயர் காதுக்கு வந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எப்சிலான் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பூஜ்யத்தைவிடப் பெருசுதான், ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள். வகுப்பு சிரித்தது, பெயர் நிலைத்துவிட்டது.

பல்கலைக்கழகம் மட்டும் அவளைப் பூஜ்யமாகவே வைத்திருந்தது. பதினோரு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். கோடை விடுமுறை தொடங்கும் அன்று வேலை முடிந்துவிடும். விடுமுறை கழிந்து துறை வாசலில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் இன்னொரு வருஷத்துக்கு வேலை உண்டு. டாக்டர் பட்டம் வாங்கியவள், வாரத்துக்குப் பதினெட்டு வகுப்பு எடுப்பவள், அந்தப் பட்டியலின் முன்னால் பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். நிரந்தரப் பேராசிரியர்களுக்குப் பெயர்ப்பலகை போட்ட அறைகள். தற்காலிகக்காரர்கள் நான்கு பேருக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் அறை. மூன்று கால் நாற்காலிகளும், எரியாத ப்ரொஜெக்டரும், எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாத விடைத்தாள் கட்டுகளும் அங்கே அவர்களுக்கு முன்பே குடியிருந்தன. வேலை வாங்கும்போது மட்டும் "நம்ம டிபார்ட்மெண்ட்" என்பார்கள். மற்றபடி கறிவேப்பிலைதான், மணத்துக்குப் போடுவது, தின்னும்போது ஒதுக்கிவைப்பது.

இத்தனைக்கும் அவள் ஏன் அங்கேயே கிடந்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் வளர்ந்த வீடு. அந்த வீட்டில் யார் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். என்ன சொல்கிறார்கள் என்பது அல்ல. அப்பா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அப்பா சொன்னால் முடிந்தது. அவருக்குப் பிறகு அண்ணன் சொன்னால் முடிந்தது. இவள் மூன்றாவது பெண். இவள் சொல்லி அந்த வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்ததில்லை. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஒரு நிரூபணத்தை வரி வரியாகப் பின்தொடர்ந்து கடைசி வரிக்கு வந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. மந்திரி சொன்னாலும் தப்பு தப்புதான். மூன்றாவது பெண் சொன்னாலும் சரி சரிதான். உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறதா என்று வியந்துபோய், அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள். பாவம், கணிதத்தையும் கணிதத் துறையையும் ஒன்றென்று நினைத்துவிட்டாள்.

துறைத் தலைவரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவரும் அவர்தான். ஆய்வேட்டில் ஒரு வரியில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிற்று என்று நாற்பது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதர். எட்டு மாதம் உட்கார்ந்து அவள் திரும்ப எழுதினாள். அழுதாளே தவிர அவரைத் திட்டவில்லை. நிபந்தனை இல்லாவிட்டால் தேற்றம் பொய். அதில் அவர் மேல் என்ன தப்பு.

அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் நோட்ஸ் போடத் தொடங்கினார். பச்சை அட்டை போட்ட நோட்ஸ். பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தொடுவதை விட்டுவிட்டு அதையே ஓதினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இன்னும் சுலபமாக இருக்கட்டும் என்று, நோட்ஸைப் பாதியாகக் குறைத்துப் புதுப் பதிப்பு கொண்டுவந்தார். குறைக்கிற வேகத்தில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை போய்விட்டது.

என்ன போயிற்று என்று சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரைக்கும், இரண்டு ஓரங்களையும் சேர்த்துக்கொண்டு, கையெடுக்காமல் ஒரு கோடு இழுத்தால் அது ஏதாவது ஓர் உயரத்துக்குள் அடங்கியே தீரும் என்பது தேற்றம். ஓரங்களைச் சேர்ப்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. நோட்ஸில் ஓரங்களைக் காணோம். போனால் போகட்டும் என்று விட முடியாது. ஒன்றைப் பாதியால் வகுத்தால் இரண்டு. பத்தில் ஒரு பங்கால் வகுத்தால் பத்து. ஆயிரத்தில் ஒரு பங்கால் வகுத்தால் ஆயிரம். பூஜ்யத்தை நெருங்க நெருங்க விடை மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும், எந்தக் கூரைக்கும் அடங்காது. பூஜ்யம் என்ற ஓரத்தை விட்டுவிட்டால் தேற்றம் செத்தது. பள்ளிப் பிள்ளைக்குக்கூட இது புரியும்.

நோட்ஸ் வந்த வாரமே எப்சிலான் இதைப் பார்த்துவிட்டாள். பெரிய சார் அறைக்குப் போய், கதவை ஒட்டி நின்று, மெதுவாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவளும் சரி சார் என்று திரும்பிவிட்டாள். அந்தப் பாடம் அப்போது அவள் கையில் இல்லை, ஒரு நிரந்தரக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். தவிர, அடுத்த வருஷத்துப் பட்டியல் தயாராகும் சமயம் அது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பட்டியலில் பெயர் வந்தது. இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் அறுபத்து மூன்றாம் பக்கத்தை மனப்பாடம் செய்தார்கள்.

இந்த வருஷம் அந்தப் பாடத்தின் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவளையும் போட்டார்கள். நூலகத்தின் மேல்மாடி. நீள மேசைகளில் பத்துப் பேர். கையெழுத்துப் போட்டுச் சிவப்புப் பேனா வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பது முப்பதாக நூலால் கட்டிய கட்டுகள் வரும். மாணவர் பெயரோ எண்ணோ இருக்காது, யாருடையது என்று தெரியாதபடி வேறு எண் போட்டு ஒட்டியிருக்கும். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொருவரும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள். கேள்வித்தாளும் பெரிய சார் தயாரித்த விடைக்குறிப்பும் மேசைக்கு ஒன்றாக வந்தன. எப்சிலான் கேள்வித்தாளைப் படித்துக்கொண்டே போய் ஏழாம் கேள்வியில் நின்றாள். கட்டாயக் கேள்வி, பத்து மார்க். அறுபத்து மூன்றாம் பக்கத்துத் தேற்றத்தை நிரூபிக்கச் சொல்லியிருந்தது. ஓரங்கள் இல்லாமல்.

பொய்யை நிரூபி, பத்து மார்க் தருகிறேன் என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள். அவர் குனிந்தபடியே, தனக்கும் தெரியும் என்றும், விடைக்குறிப்பில் உள்ளபடி போட்டுக்கொண்டே போவது உத்தமம் என்றும் சொன்னார். அவரும் தற்காலிகம்.

முதல் கட்டில் இருபத்தொரு தாள்கள் ஒரே மாதிரி. பச்சை நோட்ஸின் வரிகள், பச்சை நோட்ஸின் வரிசை, நோட்ஸில் இடறிய இடத்தில் இடறல்கூட அப்படியே. இருபத்திரண்டாவது தாளில் அவள் பேனா நின்றது.

அந்தப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, முதலில் வேறு எழுதியிருந்தது. இந்தக் கூற்று தவறு என்று நினைக்கிறேன் என்று தொடங்கி, ஒன்றை x-ஆல் வகுக்கும் சார்பை எடுத்துக்கொண்டு, ஐந்தே வரியில், எந்த உயரத்தைச் சொன்னாலும் இது அதைத் தாண்டும் என்று காட்டியிருந்தது. கச்சிதமான விடை. எழுதும்போது பேனா அழுந்தியதில், தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன. பிறகு அந்த ஐந்து வரியின் மேலும் குறுக்கே இரண்டு கோடு. பக்கத்தில், விதிமுறைப்படி, "அடித்தேன்" என்ற குறிப்பு. அடுத்த பக்கத்தில் அறுபத்து மூன்றாம் பக்கம், உருண்டை உருண்டையான எழுத்தில், பிழையில்லாமல்.

அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எழுதியும் இருக்கிறது. எழுதியதைத் திரும்பப் பார்த்து, இது இந்த இடத்தில் செல்லாது என்று கணக்குப் போட்டு, தன் கையாலேயே கோடு போட்டுவிட்டுப் பொய்யை எழுதியிருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பல்கலைக்கழகம் ஒரு பிள்ளைக்கு இதையா கற்றுக்கொடுக்க வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே பயிரே தன்னைப் பிடுங்கி வேலிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறது. எப்சிலானுக்குக் கோபம் வந்ததும் முதலில் அது அவள் மேலேயே பாய்ந்தது. கதவோரம் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சரி சார் என்று திரும்பி வந்தவள் யார்?

அடித்த விடையைத் திருத்தக் கூடாது என்பது முகாமின் விதி. அவள் திருத்தினாள். ஐந்து வரிக்கும் பத்து மார்க் போட்டு, ஓரத்தில் "இதுதான் சரி" என்று எழுதினாள். மற்றவர்களுக்கு ஏழாம் கேள்விக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். பூஜ்யம் போட மனம் வரவில்லை, சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதியிருக்கிறார்கள். கட்டின் மேல் தலைமைத் தேர்வாளருக்கு, அதாவது பெரிய சாருக்கே, ஒரு சீட்டு வைத்தாள்: கேள்வி தவறு, பிள்ளைகள் மேல் குற்றமில்லை, கேள்வியை நீக்கி அதன் காரணத்தையும் வெளியே சொல்ல வேண்டும்.

மதியத்துக்குள் பெரிய சார் அறைக்கு அழைப்பு வந்தது. அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். எல்லாருக்கும் அந்தப் பத்து மார்க்கைக் கொடுத்துவிடப்போகிறோம், நீ கவலைப்படாதே என்றார். தட்டச்சில் ஓரங்கள் விட்டுப்போயின என்று காரணம் காட்டிப் பத்துத் தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேர்வு அலுவலகம் மேற்கொண்டு கேட்காது. ஒன்பது பேர் போட்டாயிற்று. படிவத்தை அவள் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

"டைப்பிங் தப்பு இல்லையே சார். தேற்றமே தப்பு."

"தப்புன்னு எனக்குத் தெரியாதாம்மா? நீதானே ரெண்டு வருஷம் முன்னாடி வந்து சொன்ன."

மறந்திருப்பார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். "அப்புறம் எதுக்கு சார் அதையே கேட்டீங்க?"

"பிள்ளைங்க அதைத்தானே படிச்சு வச்சிருக்கு. சரியா கேட்டா நோட்ஸ்ல இல்லாததைக் கேட்டுட்டாங்கன்னு கத்துவாங்க. தெரிஞ்சதைக் கேக்குறதுதானே நியாயம்?"

இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வருகிறதோ இல்லையோ, சொல்கிற எனக்கு வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மழுப்பவுமில்லை; உண்மையிலேயே அது நியாயம் என்று நம்பிச் சொன்னார். ஒரு நிபந்தனைக்காக நாற்பது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்த அதே வாய். பொய்யை அச்சடித்தார், பொய்யை ஓதவைத்தார், ஓதியதைக் கேட்காவிட்டால் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று பொய்யையே கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் வெட்கப்படுவான். எப்சிலான் படிவத்தில் கை வைக்காமல் எழுந்து வந்தாள். வெள்ளிக்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பதையும், பேச்சோடு பேச்சாக, சொல்லிவைத்தார்.

அந்தக் கையெழுத்து யார் தலையில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். துறையில் கேள்வித்தாள் தட்டச்சு செய்வது ஒரே ஆள், தட்டச்சு அக்கா. இருபத்தாறு வருஷமாகக் கிரேக்க எழுத்துகளையும் ஏணி ஏணியாக அடுக்கிய பின்னங்களையும், ஒன்றின் பொருளும் தெரியாமல், ஒரு புள்ளி பிசகாமல் தட்டச்சு செய்தவர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி சொல்கிறோம். இங்கே அம்புக்கு மெமோ கொடுக்கப்போகிறார்கள்.

மறுநாள் தட்டச்சு அக்காவே சாமான் அறைக்கு வந்துவிட்டார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மூன்று கால் நாற்காலி ஒன்றைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்துகொண்டு, கையெழுத்தைப் போட்டுவிடச் சொன்னார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்தான், ஒரு மெமோ தன்னை என்ன செய்துவிடும் என்றார். பிறகு, அதெல்லாம் சொல்லிவிட்டு, சேலைக்குள் மறைத்து எடுத்துவந்த ஒரு தாளை மேசையில் வைத்தார். ஏழாம் கேள்வி, பெரிய சாரின் கையெழுத்தில், நீல மையில். ஓரங்கள் அதிலும் இல்லை.

"நான் இருக்குறதைத்தான் டைப் பண்ணேன் டீச்சர். அது உங்களுக்காவது தெரியட்டும்."

"நீங்க பண்ணாத தப்புக்கு நான் எப்படிக்கா கையெழுத்துப் போடுவேன்?" என்றாள் எப்சிலான். தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தட்டச்சு அக்கா தலையாட்டினார்.

வீட்டுக்கு அண்ணன் போன் செய்தான். பெரிய சாருக்குத் தெரிந்த யாரோ அவனுக்குத் தெரிந்தவர். பிழைக்கத் தெரியாதவள், ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவள், படித்து என்ன லாபம் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு வைத்தான். அவள் கணவர் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்ப்பவர். காலையில் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றை வகுக்கும் கணக்கையும் கேட்டுப் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் சட்டைக் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர் ஓடாத வீட்டுக்கு நான் இஷ்டத்துக்கு ஒரு ரீடிங் எழுதினா எனக்கு வேலை போயிடும். உங்க இடத்துல எழுதலைன்னா வேலை போகுதா?"

"ஆமாங்க."

"அப்ப உன்னைவிட என் வேலை எவ்வளவோ மேல்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, போகும்போது, "போடாதே" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெரிய சாரோடு தேர்வு அலுவலக அதிகாரியும் இருந்தார். எப்சிலான் கரும்பலகைக்குப் போய், எட்டிய உயரத்தில், ஒன்றின் கீழ் x என்று எழுதினாள். ஏழாம் கேள்வியில் உள்ளது உண்மையானால் இதற்கு ஒரு கூரை இருக்க வேண்டும், அது எந்த எண் என்று யாராவது எழுதட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். பெரிய சார் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி, தனக்குக் கணக்கு வராது என்று சிரித்தார். கணக்கு வராததைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறவர்கள்தான் எல்லா இடத்திலும் அதிகாரிகளாக இருக்கிறார்கள். அப்போது அவள் நீல மைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இதுதான் மூலம், தட்டச்சில் பிழையில்லை என்றாள்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை. "அச்சானதும் கையெழுத்துப் பிரதியை அழிச்சிருக்கணுமே. இது எப்படி இன்னும் இருக்கு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கூட்டம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. தேற்றம் மறந்தது, நோட்ஸ் மறந்தது. ரகசியப் பிரதியை அழிக்காமல் வைத்திருந்ததற்குப் பொறுப்பு யார் என்பதுதான் இப்போது பேச்சு. எப்சிலானுக்கு அப்போதுதான் புரிந்தது. நல்லது செய்கிறேன் என்று போய், அந்த அக்காவின் கழுத்துக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டாள். உண்மை என்று நீட்டிய தாளைக் குற்றமாக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நிரூபணம் படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. சரியானதைக் காட்டிவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது என்று நினைப்பது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அதனால் எதுவும் நின்றுவிடவும் இல்லை. அவளுடைய கட்டுகளை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவள் சிவப்பு மையில் எழுதிய இடங்களில் வெள்ளைத் தாள் ஒட்டி மறுபடி மார்க் போட்டார்கள். படிவத்தில் பத்தாவது கையெழுத்தையும் அவளுக்குப் பதிலாக வந்த அவரே போட்டுக்கொடுத்தார். தட்டச்சு அக்காவுக்கு ஒன்றுக்கு இரண்டாக மெமோ வந்தது, கவனக்குறைவுக்கு ஒன்று, பிரதியை அழிக்காததற்கு ஒன்று. தேர்வு முடிவு வந்தபோது ஏழாம் கேள்விக்கு எல்லாருக்கும் பத்து. பட்டியல் ஒட்டியபோது அவள் குதிகாலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பெயர் இல்லை என்று வாசலிலேயே காவலாளி சொல்லிவிட்டார்.

வேலை போனது அவள் எதிர்பார்த்ததுதான். அவளைத் தூங்கவிடாதது வேறு. அந்த இருபத்திரண்டாவது தாளின் பிள்ளைக்கும் பத்து மார்க் வந்திருக்கும். எதற்கு வந்தது என்று அது நினைக்கும்? அடித்தது நல்லதாய்ப் போயிற்று, பொய்யை எழுதியதால் பிழைத்தேன் என்றுதானே நினைக்கும்? வாழ்நாள் முழுக்க அதையே செய்யுமே. இன்னொரு வேலையில், இன்னொரு படிவத்தில், சரியாகத் தெரிந்ததை எழுதிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, இரண்டு கோடு. அது யாரென்று தேடவும் வழியில்லை. எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

அனுபவச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கப் போன அன்று அவள் ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு போனாள். ஏழாம் கேள்வியில் கேட்ட கூற்று தவறு. பச்சை நோட்ஸ் அறுபத்து மூன்றாம் பக்கமும் தவறு. தட்டச்சு செய்தவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. ஒன்றை x-ஆல் வகுத்து எழுதிவிட்டு அடித்தவருக்கு: நீங்கள் அடித்ததுதான் சரியான விடை. கீழே தன் முழுப் பெயரும், பட்டங்களும், கையெழுத்தும். கேட்டவர்களுக்குப் போடாத கையெழுத்தை இதில் அழுத்தமாகப் போட்டாள்.

துறை அலுவலகத்தில் தட்டச்சு அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். எப்சிலான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சீல் இல்லாத நோட்டீஸை வாட்ச்மேன் கிழிச்சிடுவார் டீச்சர்" என்று சொல்லி, மேசை இழுப்பறையைத் திறந்து, துறையின் வட்ட முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் நன்றாக ஒற்றி, கையெழுத்தின் பக்கத்தில் குத்தினார். இரண்டு மெமோ வாங்கினவளுக்கு மூன்றாவது எம்மாத்திரம் என்றார்.

நோட்டீஸ் பலகையில் தேர்வு முடிவுகளுக்குப் பக்கத்தில் அந்தத் தாளும் ஏறிற்று. பெரிய சார் அன்றும் மறுநாளும் வெளியூரில் இருந்தார். கணிதக் கல்வியின் தரத்தை உயர்த்துவது எப்படி என்று ஒரு கருத்தரங்கில் பேசப் போயிருந்தார். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை, நோட்டீஸ் பலகையிலேயே அதன் அழைப்பிதழும் இருந்தது.

மறுநாள் சான்றிதழ் வாங்க வந்தபோது பலகையின் முன்னால் கூட்டம் இல்லை. வகுப்பு நேரம். எப்சிலான் தன் தாளை நோக்கிப் போனாள். முத்திரைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் ஏதோ கிறுக்கல் தெரிந்தது. யாரோ திட்டி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கிட்டத்தில் போனாள்.

பென்சிலில் ஒருவர்: "நான்தான் மேடம்." அதற்குக் கீழே நீலப் பேனாவில் வேறொரு கை: "நானும் எழுதி அடிச்சேன்." அப்புறம் பச்சை மையில் "நானும்". அப்புறம் இன்னொன்று. அவள் பார்த்தது ஒரு கட்டுதான். மற்ற ஒன்பது பேரிடம் போன கட்டுகளிலும் இருந்திருக்கிறது. கோடு போட்டதைப் படிக்கக் கூடாது என்று அவர்கள் படிக்காமல் விட்டிருக்கிறார்கள். அவள் விரல் வைத்து எண்ணினாள். ஏழு பேர். ஏழு எழுத்தும் ஏழு மாதிரி. ஒரே பரீட்சையில் ஏழு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து பெஞ்சில் இருந்தவருக்கும் தெரியும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் என்று பயந்து, தனித்தனியாகக் கோடு போட்டிருக்கிறது.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அங்கேயே, மாடிப்படிக்கு எதிரில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஏழாவது வரி அவளுக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே, எட்டாவதாக, இரண்டு வருஷத்துக்கு முன்பு நானும் அடித்தேன் என்று எழுதி, தேதி போட்டாள்.